சோறும் பீன்ஸும் ஒரே தட்டில்: ஸ்பானிஷ் பேசும் தொடக்கநிலை மாணவர்களுக்கு உணவின் வழியே ஆங்கிலம் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் சிலர், உள்ளூர்ப் பொது நூலகங்களில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்புகளில் தன்னார்வ ஆசிரியர்களாகச் சேருகிறார்கள். நானும் நியூ ஜெர்சியில் அப்படி ஒரு வகுப்பை நடத்தி வருகிறேன். என் மாணவர்கள் மெக்சிகோ, ஈக்வடார், பெரு, டொமினிக்கன் குடியரசு ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலோர் உணவகச் சமையலறைகளிலோ கட்டட வேலையிலோ இருப்பவர்கள். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. இந்த வழிகாட்டி ஏ1 என்னும் முதற்படியில் நிற்பவர்களுக்கானது. வாரம் ஒரு வகுப்பு, வகுப்புக்கு 90 நிமிடம், மொத்தம் எட்டு வாரம் என்ற கணக்கில் இதை எழுதுகிறேன்.

தமிழ் அறிந்த ஆசிரியருக்கு இந்த வேலையில் ஒரு வசதி இருக்கிறது. ஸ்பானிஷ் பேசுபவர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் பலவும், ஸ்பானிஷும் தமிழும் ஒரு பக்கம் நிற்க, ஆங்கிலம் மட்டும் எதிர்ப்பக்கம் நிற்கும் இடங்களில்தான் நேர்கின்றன. ஆகவே மாணவர் ஏன் தடுமாறுகிறார் என்பது விளங்காதபோது இலக்கண நூலைத் தேடுவதற்கு முன்பு, அதே வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

வகுப்புக்கு முன்: எதைச் சேகரிப்பது, எதை விடுவது

கடைகளில் விற்கும் படஅட்டைகளை நம்பாதீர்கள். ஆப்பிள், ஆரஞ்சு, கேக் என்று குழந்தைகளுக்காக அச்சிட்ட அட்டைகளை, நாற்பது வயதில் நாள் முழுவதும் வெங்காயம் நறுக்கிவிட்டு வந்து உட்காரும் ஒருவரின் முன் நீட்டுவது முறையாக இருக்காது. அதற்குப் பதிலாக, சூப்பர் மார்க்கெட்டுகள் வாரந்தோறும் வெளியிடும் தள்ளுபடி விளம்பரத் தாள்களைப் பத்துப் பதினைந்து பிரதிகள் எடுத்து வையுங்கள். பொருளின் படம், பெயர், விலை, அளவு நான்கும் அதில் சேர்ந்தே இருக்கும். வீட்டில் காலியாகும் டப்பாக்களையும் பெட்டிகளையும் லேபிள் கிழியாமல் கழுவி வையுங்கள். காகிதத் தட்டுகளும், அளவுக் கோப்பை ஒன்றும், பால் வாங்கிய பெரிய குடுவை ஒன்றும் போதும். மாணவர்கள் கிலோவிலும் லிட்டரிலும் வளர்ந்தவர்கள் என்பதால், பவுண்டு என்றால் சுமார் 454 கிராம், கேலன் என்றால் சுமார் 3.8 லிட்டர் என்பதை அந்தக் குடுவையைக் கையில் கொடுத்தே சொல்லிவிடலாம்.

சொற்களைப் பொறுத்தவரை, எட்டு வாரத்துக்கு 60 சொற்கள் போதும். எந்த 60 என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்; சென்ற வாரம் என்னென்ன வாங்கினார்கள் என்பதை முதல் வகுப்பில் அவர்களிடமே கேட்டு, அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஸ்பானிஷ் சொல்லைப் பலகையில் எழுதாதீர்கள். ஸ்பானிஷ் இருபது நாடுகளில் ஆட்சிமொழி. அடுப்பங்கரைச் சொற்களில் நாட்டுக்கு நாடு வழக்கு மாறும். நான் முதல் வாரத்தில் பீன்ஸ் (நம் ஊர்ப் பச்சைக் காய் அல்ல, ராஜ்மா போன்ற பயறு) என்பதற்கு எதிரே, மெக்சிகோ வழக்கில் ‘ஃப்ரிஹோலெஸ்’ என்று எழுதி வைத்தேன். டொமினிக்கன் மாணவர் அதை ‘அபிச்சுவேலாஸ்’ என்று திருத்தினார். சிலியிலும் அர்ஜென்டினாவிலும் ‘பொரோத்தோஸ்’ என்பார்கள் என்றும், வெனிசுவேலாவில் ‘கராவோத்தாஸ்’ என்பார்கள் என்றும் பேச்சு வளர்ந்து, பத்து நிமிடம் கலகலப்பாக ஓடியது. அந்தப் பத்து நிமிடத்தில் ஆங்கிலம் ஒரு சொல்கூட இல்லை. அவகாடோவுக்கும் இதே கதைதான்: மெக்சிகோவில் ‘அகுவகாத்தே’, பெருவில் ‘பால்தா’. பொருளையோ படத்தையோ காட்டி ஆங்கிலப் பெயரை மட்டும் சொன்னால் இந்த வழக்கு எழவே எழாது.

முதல் வாரம்: ஏற்கெனவே தெரிந்த சொற்கள்

முதல் வகுப்பில் புதிதாக எதுவும் கற்பிக்க வேண்டாம். டொமேட்டோ, சாக்லேட், லெமன், சாலட், காபி, மேங்கோ, ஃப்ரூட் போன்றவை ஸ்பானிஷிலும் ஏறத்தாழ அதே உருவில் இருப்பவை. தங்களுக்கு ஆங்கிலம் கொஞ்சமும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், இருபது சொற்களைப் படித்துப் பொருளும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். டொமேட்டோ, சாக்லேட், அவகாடோ ஆகிய சொற்கள் அஸ்டெக் மக்களின் நாவாட் மொழியிலிருந்து ஸ்பானிஷுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போனவை என்று மெக்சிகோ மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். மேங்கோ என்ற சொல் நம் மாங்காயிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் போனது என்று என் பங்குக்கு நானும் சொல்லிக்கொள்வேன்.

இந்தச் சொற்களில் உள்ள சிக்கல் பொருளில் இல்லை, உச்சரிப்பில் இருக்கிறது. ஸ்பானிஷில் சாக்லேட் என்பது ‘சொகொலாத்தே’ என்று நான்கு அசையாக, மூன்றாம் அசையை அழுத்திச் சொல்லப்படும். ஆங்கிலப் பேச்சில் அது ‘சாக்-லட்’ என்று இரண்டே அசையாகச் சுருங்கி, முதலசையில் அழுத்தம் பெறும். வெஜிடபிள் என்பதையும் எழுத்துக்கு எழுத்து படித்து நான்கு அசையாக நீட்டுவார்கள். ‘வெஜ்-ட-பிள்’ என்று மூன்றாகக் கைதட்டிக் காட்டுங்கள். எழுதியபடியே படிக்கும் மொழியில் வளர்ந்தவர்களுக்கு ஆங்கில எழுத்துமுறை அநியாயமாகத்தான் தெரியும். ஆகவே சொல்லை முதலில் காதால் கேட்கவையுங்கள், பிறகு எழுதிக் காட்டுங்கள்.

ஒரே உருவில் இருந்து பொருள் மாறி ஏமாற்றும் சொற்களையும் இந்த வாரமே அறிமுகப்படுத்திவிடுவது நல்லது. ஸ்பானிஷில் ‘சோப்பா’ என்றால் சூப். கேட்பதற்கு ஆங்கிலச் சோப்பை ஒத்திருப்பதால், உணவகத்தில் ஒரு கிண்ணம் சோப் கேட்பவர்கள் உண்டு. ‘பான்’ என்றால் ரொட்டி, ஆங்கிலத்திலோ அதே எழுத்துகள் வாணலியைக் குறிக்கும். மெக்சிகோவில் ‘தூனா’ என்பது சப்பாத்திக்கள்ளிப் பழம். ஆங்கிலத்தில் அதே எழுத்துகள் மீனுக்கு உரியவை. ஆங்கிலத்தில் பை என்னும் பண்டத்தின் எழுத்துகள் ஸ்பானிஷில் பாதத்தைக் குறிக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஜாம் பாட்டில்களில் அச்சிட்டிருக்கும் ப்ரிசர்வேட்டிவ் என்ற சொல். உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருளை அது குறிக்கிறது. ஆனால் ஸ்பானிஷில் ‘ப்ரெசெர்வாத்தீவோ’ என்றால் ஆணுறை. லேபிள் படிக்கும் பயிற்சியை இந்த விளக்கம் இல்லாமல் தொடங்கினால், வகுப்பு எதற்காகச் சிரிக்கிறது என்பது உங்களுக்கு மட்டும் புரியாமல் போகும்.

இரண்டாம் வாரம்: நாவும் காதும்

ஸ்பானிஷில் உயிரொலிகள் ஐந்துதான். குறில், நெடில் என்ற வேறுபாடு அதில் இல்லை. எனவே ஃபிஷ் என்பதை ‘ஃபீஷ்’ என்றும், சிக்கன் என்பதைச் ‘சீக்கன்’ என்றும் சொல்வார்கள். இகரத்தையும் ஈகாரத்தையும் பிரித்துக் கேட்கும் காது நமக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்பதால், அவர்களுக்கு அது கேட்கவே இல்லை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சொல்ல வைப்பதற்கு முன் கேட்க வைக்க வேண்டும். இரண்டு சொற்களைப் பலகையின் இருபுறமும் எழுதி, நீங்கள் ஒன்றைச் சொல்ல, அவர்கள் எந்தப் பக்கம் என்று கைகாட்டும் விளையாட்டை ஐந்து நிமிடம் ஆடுங்கள்.

ஸ்பூன், ஸ்டேக், ஸ்ட்ராபெர்ரி ஆகியவை ‘எஸ்பூன்’, ‘எஸ்தேக்’, ‘எஸ்த்ராபெர்ரி’ என்று வரும். ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பாம்பு சீறுவதுபோல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டி, மூச்சு விடாமல் ‘பூன்’ என்று சேர்க்கச் சொன்னால் ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு வந்துவிடும். வினிகரில் உள்ள ‘வ’ ஒலிக்கும் ‘ப’ ஒலிக்கும் ஸ்பானிஷில் வேறுபாடு இல்லாததால் அது ‘பினிகர்’ ஆகும். அதனால் யாருக்கும் பொருள் குழம்பாது. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

விடக்கூடாத இணைகள் இரண்டு: சிக்கனும் கிச்சனும், ஹங்ரியும் ஆங்க்ரியும். ‘கிச்சன் அடுப்பில் வேகிறது’ என்று ஒரு மாணவி சொன்னபோது வகுப்பே சிரித்தது. ஆனால் வேலையிடத்தில் மேலாளரிடம் பசிக்கிறது என்று சொல்ல நினைத்து, கோபமாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் அது சிரிப்போடு முடியாது. வயிற்றில் கைவைத்து ஹங்ரி, புருவத்தை நெரித்து ஆங்க்ரி என்று உடலோடு சேர்த்தே பழக்குங்கள்.

மூன்றாம் வாரம்: பிடிக்கும், வேண்டும்

‘மே குஸ்தா எல் அர்ரோஸ்’ என்பது ஸ்பானிஷ். சொல்லுக்குச் சொல் பார்த்தால் நம் ‘எனக்குச் சோறு பிடிக்கும்’ என்பதேதான். விரும்புகிறவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். வினையோ உணவோடு ஒட்டிக்கொள்கிறது. உணவு பன்மையானால் ஸ்பானிஷில் வினையும் பன்மையாகி ‘மே குஸ்தான் லாஸ் மன்சானாஸ்’, அதாவது எனக்கு ஆப்பிள்கள் பிடிக்கும், என்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் நிலைமை தலைகீழ்: அங்கே மனிதன் எழுவாய், உணவு செயப்படுபொருள், ‘ஐ லைக் ரைஸ்’. மாணவர்கள் ‘மீ லைக்’ என்று தொடங்குவது அறியாமையால் அன்று. ‘எனக்கு’ என்று தொடங்கிப் பழகிய நாக்கு அப்படித்தான் தொடங்கும். இதைப் பலகையில் விளக்குவதைவிட ஆளை நிறுத்திக் காட்டுவது மேல். ஒருவரை முன்னே வரச் சொல்லி, தட்டை மேசைமேல் வைத்து, அவரிடமிருந்து தட்டை நோக்கி ஓர் அம்புக்குறி அட்டையைப் பிடியுங்கள். ஆங்கிலத்தில் அம்பு எப்போதும் மனிதனிடமிருந்துதான் கிளம்பும்.

அடுத்த பிழை ‘ஐ லைக் த ரைஸ்’. பொதுவாக ஓர் உணவைக் குறிப்பிடும்போதும் ஸ்பானிஷில் ‘எல்’, ‘லா’ போன்ற சுட்டிடைச்சொல் கட்டாயம் வேண்டும். ஆங்கிலத்தில் அது கூடாது. தமிழில் அத்தகைய சொல்லே இல்லாததால் இங்கு நாம் ஆங்கிலத்தின் பக்கம் நிற்கிறோம். இந்தத் தட்டில் உள்ள சோறு என்று விரல்நீட்டிக் காட்டினால் ‘த’ உண்டு, உலகத்துச் சோறு எல்லாம் என்றால் ‘த’ இல்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, ‘ஐ லைக் எ காபி’ என்று கடையில் கேட்கும் பழக்கம். எனக்குக் காபி பிடிக்கும் என்பதும் எனக்கு ஒரு காபி வேண்டும் என்பதும் தமிழில் எவ்வளவு வேறோ, ‘ஐ லைக்’ என்பதும் ‘ஐட் லைக்’ என்பதும் அவ்வளவு வேறு. இடையில் நிற்கும் அந்தச் சிறு ‘ட்’ ஒலி காதில் விழாமல் போவதால்தான் இந்தக் குழப்பம். முதலில் ‘ஐ வுட் லைக்’ என்று முழுமையாகவே பழக்கிவிட்டு, ஓரிரு வாரம் கழித்துச் சுருக்கிக் காட்டுங்கள்.

நான்காம், ஐந்தாம் வாரங்கள்: எண்ணக்கூடியதும் எண்ணக்கூடாததும்

எட்டு வாரத்தில் இரண்டை இதற்கே ஒதுக்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. எண்ணக்கூடிய பெயர், எண்ணக்கூடாத பெயர் என்று சூத்திரமாகச் சொன்னால் எவருக்கும் ஏறாது. ஆனால் லத்தீன் அமெரிக்காவின் பல வீடுகளில் இந்த இலக்கணம் தினமும் தட்டில் விழுகிறது: சோறும் பீன்ஸும். கோஸ்டா ரிக்காவிலும் நிக்கராகுவாவிலும் அது ‘காயோ பிந்தோ’, கியூபாவில் ‘மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ்’, எல் சால்வடாரில் ‘கசமியெந்தோ’, அதாவது திருமணம். ஆங்கிலத்தில் சோறு எண்ணக்கூடாதது, பீன்ஸ் எண்ணக்கூடியது. ஒரே தட்டில் இரண்டு விதிகளும் கிடைக்கின்றன.

காகிதத் தட்டு ஒன்றில் ஒரு பாதியில் அரிசியையும் மறுபாதியில் உலர்ந்த பீன்ஸையும் கொட்டுங்கள். பீன்ஸை எண்ணச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். அரிசியை எண்ணச் சொல்லுங்கள்; யாராவது ஒருவர் உண்மையிலேயே எண்ணத் தொடங்குவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ‘தேர் இஸ் ரைஸ், தேர் ஆர் பீன்ஸ்’ என்ற இரண்டு வாக்கியங்களையும் எழுதிவிடுங்கள். ஸ்பானிஷில் இரண்டுக்கும் ‘ஆய்’ என்ற ஒரே சொல்தான். நம் பேச்சிலும் சோறு இருக்கு, பீன்ஸ் இருக்கு என்று ஒரே ‘இருக்கு’தான். எனவே ‘தேர் இஸ் பீன்ஸ்’ என்று அவர்கள் சொன்னால் பொறுமையாக விரலால் பீன்ஸ் பக்கத்தைத் தொட்டுக் காட்டினால் போதும், தாமே திருத்திக்கொள்வார்கள்.

பிறகு பீன்ஸில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு ‘எ ஃப்யூ’, அரிசியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு ‘எ லிட்டில்’ என்று காட்டுங்கள். எவ்வளவு, எத்தனை என்ற வேறுபாடு தமிழில் இருப்பதுபோலவே ஸ்பானிஷிலும் ‘குவாந்தோ’ என்ற ஒருமையும் ‘குவாந்தோஸ்’ என்ற பன்மையும் இருக்கின்றன. ஆகவே ‘ஹவ் மச்’, ‘ஹவ் மெனி’ இரண்டும் எதிர்பார்ப்பதைவிட எளிதாகவே வரும். ஆனால் ‘ஐ ஈட் மச் ரைஸ்’ என்ற இயல்பற்ற வாக்கியமும் கூடவே வரும். கேள்வி அல்லாத இடத்தில் இரண்டுக்கும் பொதுவாக ‘எ லாட் ஆஃப்’ என்று சொல்லப் பழக்கிவிட்டால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

உண்மையான முள் எங்கே இருக்கிறதென்றால், ஸ்பானிஷில் எண்ணக்கூடியதாக இருந்து ஆங்கிலத்தில் எண்ணக்கூடாததாக மாறும் சொற்களில். ‘உன் பான்’, ‘தோஸ் பானெஸ்’ என்று ரொட்டியை எண்ணிப் பழகியவர்கள் ‘எ பிரெட்’, ‘டூ பிரெட்ஸ்’ என்கிறார்கள். பிரெட், டோஸ்ட், ஸ்பகெட்டி ஆகிய மூன்றையும் தனியாக எடுத்து, ‘எ லோஃப் ஆஃப் பிரெட்’, ‘எ பீஸ் ஆஃப் டோஸ்ட்’, ‘எ ப்ளேட் ஆஃப் ஸ்பகெட்டி’ என்று ஒரு கைப்பிடியைச் சேர்த்தே கொடுங்கள். ஒரு குவளை நீர், ஒரு கவளம் சோறு என்று நாம் அளவுப்பெயர் சேர்ப்பதும் இதே முறைதான். காலி டப்பாக்கள் இப்போது பயன்படும்: கார்ட்டன், கேன், பேக், பாட்டில், ஜார் என்று ஒவ்வொன்றாகக் கைமாற்றி, அதில் இருந்தது என்ன என்று சொல்ல வையுங்கள்.

கரீபியப் பகுதி மாணவர்கள் பன்மை ‘ஸ்’ ஒலியை விழுங்கினால், அதை இலக்கணப் பிழை என்று உடனே முடிவு செய்யாதீர்கள். அவர்கள் ஸ்பானிஷிலேயே சொல்லிறுதி ‘ஸ்’ தேய்ந்துதான் ஒலிக்கும். எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் ‘ஸ்’ இருந்தால் அவருக்கு இலக்கணம் தெரியும், நாக்குக்குத்தான் பயிற்சி வேண்டும்.

ஆறாம் வாரம்: பசி, சூடு, காரம்

‘தெங்கோ அம்ப்ரே’ என்றால் ‘என்னிடம் பசி இருக்கிறது’. எனவே ‘ஐ ஹேவ் ஹங்கர்’ வரும். நமக்குப் பசிக்கிறது, அவர்கள் பசியை வைத்திருக்கிறார்கள், ஆங்கிலேயரோ பசியாகவே ஆகிவிடுகிறார்கள். தாகத்துக்கும் இதுவே. ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ ஆம் தர்ஸ்டி’ என்று முழு வாக்கியமாக மனப்பாடம் செய்ய வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சூடு வேறு, காரம் வேறு என்பது தமிழருக்கும் தெரியும், ‘காலியெந்தே’, ‘பிக்காந்தே’ என்று பிரித்துச் சொல்லும் மெக்சிகோக்காரருக்கும் தெரியும். ஆங்கிலம்தான் இரண்டையும் ‘ஹாட்’ என்று ஒரே பானையில் போடுகிறது. காரத்துக்கு ‘ஸ்பைசி’ என்றே பழக்குங்கள். ஆனால் பரிமாறுபவர் ‘ஹாட்’ என்று சொன்னால் தட்டைத் தொடும் முன் எந்த ஹாட் என்று கேட்கவும் கற்றுக்கொடுங்கள்.

சுவையைச் சொல்லும்போது ‘இஸ் டெலிஷியஸ்’ என்று எழுவாய் இல்லாமல் வரும், ஏனென்றால் ‘எஸ் தெலிசியோசோ’ என்பதில் எழுவாய் தேவையில்லை. ‘சுவையாக இருக்கிறது’ என்ற நம் வாக்கியத்திலும் ‘அது’ எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தில் அந்த ‘இட்’ இல்லாமல் வாக்கியம் எழுந்து நிற்காது. பெயரடையில் மட்டும் நாம் அவர்களோடு இல்லை. சிவப்பு ஆப்பிள் என்பது நமக்கும் ஆங்கிலத்துக்கும் இயல்பு. அவர்களுக்கோ ‘மன்சானா ரோஹா’, அதாவது ஆப்பிள் சிவப்பு. பன்மையில் பெயரடையும் பன்மையாவதால் ‘ரெட்ஸ் ஆப்பிள்ஸ்’ என்றும் எழுதுவார்கள். விளம்பரத் தாளில் உள்ள படங்களை வைத்து நிறம், அளவு, விலை என்று பத்து நிமிடம் சொல்ல வைத்தால் போதும்.

ஏழாம் வாரம்: கேள்வியும் மறுப்பும்

தமிழில் ‘பிடிக்கும்’ என்பதன் கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்த்தால் கேள்வி. ஸ்பானிஷில் குரலை உயர்த்தினாலே கேள்வி. ஆங்கிலத்திலோ, ‘டூ யூ லைக் ரைஸ்?’ என்பதில்போல, ‘டூ’ என்ற சொல் முன்னால் வந்து நிற்க வேண்டும். அந்தச் சொல்லுக்குத் தனியாகப் பொருள் இல்லை என்பதுதான் மாணவர்களைக் குழப்புகிறது. ‘டூ’ என்று எழுதிய தொப்பி ஒன்றை நான் வைத்திருக்கிறேன். கேள்வி கேட்பவர் அதைப் போட்டுக்கொண்டுதான் கேட்க வேண்டும். மறுப்பிலும் ‘ஐ நோ வாண்ட்’ என்பதற்குப் பதில் ‘ஐ டோன்ட் வாண்ட்’ என்று அதே தொப்பி வேலை செய்யும். ‘ஐ டோன்ட் ஈட் நத்திங்’ என்ற இரட்டை மறுப்பு ஸ்பானிஷில் சரியான வாக்கியம். ஏ1 நிலையில் அதை நான் திருத்துவதில்லை.

உணவுவேளைப் பெயர்களைக் கடிகாரத்தோடு கட்டிக் கற்பிக்கும் பாடநூல்களை இங்கே ஓரங்கட்டுங்கள். ‘அல்முவெர்சோ’ சில நாடுகளில் மதிய உணவு, வேறு சில இடங்களில் முற்பகல் சிற்றுண்டி. சிலியில் ‘ஒன்சே’, அதாவது பதினொன்று, என்பது மாலைத் தேநீரோடு உண்பது. நீங்கள் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தொப்பி போட்டுக் கேட்க வைத்தால், இலக்கணமும் பழகும், உண்மையான தகவலும் கிடைக்கும்.

எட்டாம் வாரம்: எல்லோரும் ஒரு பதார்த்தம்

கடைசி வகுப்பில் ஒவ்வொருவரும் வீட்டில் சமைத்த ஒன்றைக் கொண்டுவரட்டும். பதார்த்தத்துக்கு முன்னால் ஓர் அட்டை: பெயர், அதில் உள்ள பொருள்கள், காரமா இல்லையா, எவருக்கு ஒவ்வாமை வரக்கூடும். ஒவ்வாமை வரியை மட்டும் நீங்களே முன்கூட்டிச் சரிபாருங்கள். நிலக்கடலை, பால், முட்டை, இறால் ஆகிய சொற்களில் எழுத்துப்பிழை இருந்தாலும் பாதகமில்லை, சொல்லே விடுபட்டுவிடக் கூடாது. ‘டஸ் திஸ் ஹேவ் நட்ஸ் இன் இட்?’ என்ற ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு மேசைகளிலாவது கேட்ட பிறகுதான் தட்டில் கைவைக்கலாம் என்று விதி வையுங்கள். நடுவில் புகுந்து திருத்தாமல், ஒரு சிறு குறிப்பேட்டில் காதில் விழும் பிழைகளை மட்டும் எழுதிக்கொண்டே சுற்றி வாருங்கள். சென்ற முறை என் குறிப்பேட்டில் ‘தேர் இஸ் பீன்ஸ்’ நான்கு முறை இருந்தது. அடுத்த குழுவுக்கு அரிசியும் பீன்ஸும் கொட்டிய தட்டை மூன்றாம் வாரத்திலேயே எடுத்துப்போகப் போகிறேன்.